தமாதா ஓடுகிறார்

நாரின் என்ற மலையூரில் குபானிச் மைக்கைப் பிடிக்காத கல்யாணத்தை யாரும் கல்யாணக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விருந்து மண்டபத்தில் தமாதா என்று ஒருவர் நடுவில் நின்றால் அது அவராகத்தான் இருக்கும். எந்தச் சம்பந்தி முதலில் எழுந்து வாழ்த்த வேண்டும், யாரை ஆடக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் வருவார்கள், நாலு கோப்பை உள்ளே போனதும் அழத் தொடங்கும் சித்தப்பாவைச் சிரிக்க வைத்து எப்படி உட்கார வைப்பது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. மண்டபத்தில் கரண்ட் போனாலும் விருந்து நிற்காது. அவர் தொண்டையே போதும்.

அந்தத் தொண்டைக்குக் கீழே இருந்த நுரையீரல்தான் இலையுதிர் காலத்தில் அவரைக் கவிழ்த்தது. நிமோனியா. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், வீட்டில் நிறைய நாள் என்று படுத்தே கிடந்தார். ஊரையே சிரிக்க வைத்த மனுஷன் என்பதால் பார்க்க வந்தவர்களுக்கும் குறைவில்லை. ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆட்டுச்சாறு, குதிரைக்கறி அடைத்த தொத்திறைச்சி, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகள், குழிக்கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியான பாலேடு. ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தபோது காய்ச்சல் போயிருந்தது. சட்டைப் பொத்தான்தான் துளைக்கு எட்ட மறுத்தது.

டிசம்பரில் உடம்பு தேறியபின் முதல் கல்யாணம். ஆட்டப் போட்டி ஒன்றை நடத்தி, இரண்டு பக்கத்துச் சம்பந்திகளையும் சுழல விட்டு, தானும் ஒரு சுற்று ஆடிவிட்டு, வழக்கமாக மூச்சுவிடாமல் சொல்லும் நீண்ட வாழ்த்தைத் தொடங்கினார். "உங்க வீட்டுப் புகை நேரா மேல போகட்டும், உங்க வாசல்ல விருந்தாளி குதிரை கட்டாத நாளே இல்லாம இருக்கட்டும், உங்க பிள்ளைங்க..."

பிள்ளைகளோடு மூச்சு நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. மைக் மட்டும் வாய்க்கு நேராகவே இருந்தது. நாலு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகள் அவருடைய இளைப்பை ஒரு துளி சிந்தாமல் எடுத்து மண்டபம் முழுக்கப் பரிமாறின. ஹ்ஹா... ஹ்ஹூ... ஹ்ஹா... சுமை ஏற்றிய கவரிமா ஒன்று கணவாய் ஏறுகிற மாதிரி இருந்தது. முதலில் குழந்தைகள் சிரித்தார்கள். பிறகு அவர்களை அதட்ட வேண்டிய பெரியவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினார்கள்.

விருந்தாளிகள் வரிசையிலிருந்து எல்தியார் எழுந்து வந்தான். பிஷ்கேக்கில் படித்துவிட்டு வந்த இளம் தமாதா, ஒட்டி வெட்டிய முடி, பளபளக்கும் கோட்டு. "குபா பைக்கே ஒரு வாய் டீ குடிக்கட்டும்," என்று மரியாதையாகவே மைக்கை வாங்கினான். பைக்கே, அதாவது அண்ணன், என்று அழைத்து அணைத்துப் பிடித்து உட்கார வைத்தான். மிச்ச வாழ்த்தை அவனே சொல்லி முடித்தான். நன்றாகவும் சொன்னான். அதுதான் குபானிச்சுக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரமே இரண்டு குடும்பங்கள் "நீங்க ஓய்வெடுங்க பைக்கே, உங்க உடம்புதான் முக்கியம்" என்று சொல்லி எல்தியாரிடம் போய்விட்டன.

டாக்டரம்மா மார்பில் குழாயை வைத்துக் கேட்டாள். "நுரையீரல் ஆறிடுச்சு. சோம்பேறியாத்தான் இருக்கு. தினம் நடங்க. பேச்சு திணறாத வேகத்துல போங்க. திணறுச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், குறைச்சுக்குங்க."

நடந்தார். ஆனால் நாரினில் குபானிச் நடப்பது என்பது நடக்கிற காரியமில்லை. முதல் வாசலிலேயே ஒரு கை நீண்டு இழுக்கும். "வாசல் வரைக்கும் வந்துட்டு ரொட்டி பிய்க்காமப் போறதா பைக்கே?" ரொட்டியைத் தொட்டால் டீ வரும், டீ வந்தால் ஜாம் வரும், ஜாமுக்குப் பின்னாலேயே அடுப்பில் கிடக்கும் குருதாக்கை, அந்த வறுத்த கறியை, சூடாக்கிக்கொண்டு வருவார்கள். கிளம்பினால் பக்கத்து வாசல். ஒரு வாரம் நடந்துவிட்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறியவர் சத்தமில்லாமல் இறங்கி, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"இனிமே ஓடப் போறேன்," என்றார் மனைவி தமீராவிடம். "ஓடுறவனை யாரும் டீக்குக் கூப்பிட மாட்டாங்க."

தமீரா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். நானூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். "ஓடுறவனை போலீஸ்தான் கூப்பிடும்," என்றாள். "வெளியில எச்சில் துப்புனா கல்லா விழுது. இந்தக் குளிர்ல ஓடுறானாம். யோவ் கிழவா, நிமோனியாவுக்கு உன்மேல அவ்வளவு பாசமா? திரும்பக் கூப்பிடுற?"

"ரஷ்ய எல்லையில காவல் வேலை பார்த்தப்போ இடுப்பளவு பனியில ஓடியிருக்கேன் பைபிச்சே."

"அப்போ இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு. அளக்க முடிஞ்சுது."

பைபிச்சே என்றால் வீட்டுக்கு எஜமானி. அந்தப் பட்டத்துக்கும் மயங்காமல் அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். குபானிச் மகனுடைய பழைய ஓட்டக் காலணியைத் தேடி எடுத்து, அதன் அடியில் குட்டித் திருகாணிகளை உள்ளே குத்தாத அளவுக்கு முடுக்கினார். பனிக்கட்டியில் பிடிமானம் வேண்டுமே. கம்பளிக் கால்சட்டை இரண்டு, அதற்கு மேல் காற்று புகாத ஒன்று, கழுத்துத் துணியை மூக்கு வரை சுற்றிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பினார். காலையில் கிளம்ப முடியாது. எல்லா வீட்டு நிலக்கரிப் புகையும் பள்ளத்தாக்கில் போர்வை மாதிரி படிந்து கிடக்கும். மத்தியானம் காற்று கிளம்பி அதை அள்ளிக்கொண்டு போனபிறகுதான் எதிர்க் கரை மலையே கண்ணுக்குத் தெரியும்.

வாசல் கதவிலிருந்து தெருமுனை வரை ஓடியிருப்பார். ஒரு வேன் பக்கத்தில் வந்து நின்றது. ஊருக்குள்ளும் அக்கம்பக்கத்துக்கும் ஆள் ஏற்றும் மாமிருடைய வேன். கதவு தடாலென்று திறந்தது.

"ஏறுங்க பைக்கே! யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும்... ஒண்ணுமில்ல. ஓடுறேன்."

"அது தெரியுது. எதுக்கு?"

"உடம்புக்கு."

மாமிர் முகம் மாறியது. "உடம்புக்கு என்ன? இப்படி ஓடிப்போய்ச் சேர முடியுமா ஆஸ்பத்திரிக்கு? ஏறுங்கன்னா!"

வேனுக்குள் இருந்த பெண்கள் இடம் ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி மடியில் இருந்த மாவுப் பையை இறக்கிக் கீழே வைத்தாள். குபானிச் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவர்களை அனுப்பிவைத்துவிட்டுத் திரும்பினால், எதிர் வீட்டுக்காரர் கோட்டைத் தோளில் மாட்டியபடி ஓடி வந்துகொண்டிருந்தார். "எங்க தீ? எந்தப் பக்கம்?"

மறுநாள் கதை இன்னும் வளர்ந்தது. அவர் ஆற்றோரமாக ஓடியதைப் பார்த்த யாரோ ஒருவர், குபானிச்சுடைய மாடு காணாமல் போய்விட்டது என்று முடிவு கட்டினார். அவர் மூச்சிரைக்கத் திரும்பி வரும்போது மூன்று பேர் குதிரை மேல் அவர் வாசலில் நின்றார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே மலையடிவாரத்துக்குத் தேடப் போயிருந்தார்கள். தொழுவத்துக்குள்ளிருந்து மாடு தலையை நீட்டி எல்லாரையும் பார்த்தது. தேடப் போனவர்கள் இருட்டும் நேரத்தில் விறைத்துப் போய் வந்து, மாடு தொழுவத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, கோப்பை கோப்பையாக டீ குடித்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டதில் வீட்டிலிருந்த பாதிக் கறி தீர்ந்தது.

பள்ளிக்கூடச் சமையலறையில் தமீராவை எல்லாரும் கேட்டார்கள்: மாடு கிடைத்ததா என்று.

"அவர் தொலைச்சது மாட்டை இல்ல, இடுப்பை," என்றாள். "ஆத்தங்கரையில எங்கயோ விட்டுட்டாராம். தேடட்டும்."

அவர் தேடினார். முதல் வாரம் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை ஓடுவார், அதற்கடுத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நெஞ்சுக்குள் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போல எரியும். பிறகு மெல்ல மெல்லச் சில விஷயங்கள் பிடிபட்டன. எட்டி அடி வைத்தால் பனிக்கட்டி காலை வாரும், கோழி மாதிரி குட்டி அடி வைத்தால் வாராது. மூக்கால் இழுத்தால் காற்று கொஞ்சம் சூடாகி உள்ளே போகும். புதுப் பனி விழுந்த இடத்தில் கால் புதையும், ஆனால் விழுந்தாலும் மெத்தையில் விழுந்த மாதிரி. வண்டி மிதித்து மெருகேற்றிய இடத்தில் விழுந்தால் பின்பக்கம் ஒரு வாரம் பேசும். கடுங்குளிர் நாளில் காலடிப் பனி க்ரீச் க்ரீச்சென்று கத்தும், குளிர் தளர்ந்த நாளில் சத்தமே இராது. திரும்பி வரும்போது மீசை கண்ணாடியாகி இருக்கும். தமீரா அவரை அடுப்பங்கரையில் நிறுத்தி வைத்துத்தான் உள் அறைக்கு விடுவாள். "உருகி முடிஞ்சப்புறம் வா. தரை துடைச்சிருக்கேன்."

டாக்டரம்மா சொன்ன பேச்சுக் கணக்கையும் விடவில்லை. பேச்சு திணறாத வேகத்தில் போக வேண்டும் என்றால், பேசிக்கொண்டே ஓடினால்தானே தெரியும்? பேசுவதற்கு அவருக்கு என்ன பஞ்சம். ஊரைத் தாண்டி ஆற்றை ஒட்டி மேற்கொண்டு போகும் சாலையில், ஒரு பக்கம் மொட்டை நெட்டிலிங்க மரங்கள், மறுபக்கம் ஓரமெல்லாம் உறைந்து நடுவில் மட்டும் கறுப்பாக ஓடும் நாரின் நதி. அங்கே கல்யாண வாழ்த்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓடினார். காகங்களுக்குப் புது மருமகள் வந்தாள். நெட்டிலிங்கங்கள் சம்பந்திகளாயின. வைக்கோல் வண்டியில் எதிரே வந்த ஒரு குடியானவர், "பிள்ளையும் குட்டியுமா பெருகுங்க!" என்று தன்னைப் பார்த்து ஒரு வியர்த்த மனிதர் கத்திக்கொண்டே கடந்ததைக் கண்டு, பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் முகத்தை வருடி, அப்படியே ஆகட்டும் என்பதற்கு "ஓமின்" சொல்லிவிட்டுத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஜனவரி முடிவதற்குள் ஊருக்குப் பழகிவிட்டது. யாரும் தீ எங்கே என்று கேட்பதில்லை. மாமிர் வேனை நிறுத்துவதில்லை, ஹாரனை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போவான். பெண்கள் ஜன்னலில் துடைத்த வட்டத்தின் வழியாகக் கையாட்டுவார்கள். மின்கம்பம் தேவைப்படவில்லை. ஊர் எல்லையில் பனி அகற்றும் டிராக்டர்கள் நிற்கும் கொட்டகையைத் தாண்டியும் ஓடினார்.

எல்தியாரும் ஒருநாள் காரில் அந்த வழியாக வந்தான். ஜன்னலைப் பாதி இறக்கி அவர் வேகத்துக்குக் காரை உருட்டினான். உள்ளேயிருந்து சூடும் பாட்டும் வந்தன. "பைக்கே, எந்தக் கல்யாணத்துக்கு இவ்வளவு அவசரம்? ஐயோ, மறந்துட்டேன். கல்யாணம் எல்லாம் இப்போ என்கிட்டல்ல வருது!"

சிரித்துவிட்டுப் போய்விட்டான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தமாதாக்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் சீண்டுவார்கள். ஆனால் நல்ல பதில் ஒன்று குபானிச் வாய்க்கு வந்தபோது கார் வளைவில் மறைந்திருந்தது. அந்தப் பதிலை வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்க ஆளில்லாத பதிலுக்கு ருசியே இல்லை.

பிப்ரவரியில் ஒருநாள் ராத்திரி முழுக்கப் பனி கொட்டி, மத்தியானம் வெயில் அடித்தது. கண் கூசியது. குபானிச் கொட்டகையைத் தாண்டி, வழக்கத்தைவிட உற்சாகமாக, மேட்டு வளைவு வரைக்கும் போனார். புதுப் பனியில் ஒரே ஒரு கார்ச் சக்கரத் தடம். அது வளைவில் வளையாமல் நேராகப் போய்ச் சரிவில் இறங்கியிருந்தது.

எட்டிப் பார்த்தார். கீழே ஆற்றங்கரைப் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு கார் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. எல்தியாருடைய கார். விழுந்தும் உருண்டும் இறங்கினார். கண்ணாடி உடைந்த ஜன்னல் வழியாக எல்தியாரின் முகம் தெரிந்தது. உதடு நீலமாக இருந்தது.

"பைக்கே... கால் சிக்கிடுச்சு. எடுக்க வரல."

குபானிச் கதவை இழுத்துப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். கார் அசையவில்லை, ஆனால் அடியில் பனிக்கட்டி முறிகிற சத்தம் கேட்டது. இழுப்பதை நிறுத்தினார். உள்ளே தண்ணீர் அவன் கணுக்கால் வரை நின்றது. ஒரு கை தொங்கிக் கிடந்தது.

"போன்?"

"தண்ணிக்குள்ள. உங்களது?"

அவருடையது வீட்டில் இருந்தது. ஓடும்போது யாராவது கூப்பிட்டு வாழ்த்து கேட்பார்கள் என்று எடுத்துவருவதில்லை. தன் மேற்கோட்டைக் கழற்றி உடைந்த ஜன்னல் வழியாக அவன் மேல் போர்த்தினார். தொப்பியை அவன் தலையில் அழுத்தினார். கழுத்துத் துணியையும் சுற்றினார்.

"தூங்கிடாதே. பேசிக்கிட்டே இரு."

"யார்கிட்ட?"

"நீ தமாதாதானே? ஒரு கல்யாணத்தை நடத்து. முதல்லேர்ந்து. சம்பந்திங்க ரெண்டு பக்கமும் வரணும், ஒருத்தரை விடக் கூடாது. கேக் வெட்டுறதுக்குள்ள நான் வந்துடுவேன்."

"யாருக்குக் கல்யாணம்?"

"உனக்குத்தான். பொண்ணை நீயே பாத்துக்க."

பல் கிட்டியபடியே எல்தியார் சிரிக்கப் பார்த்தான். குபானிச் நாலு காலில் சரிவேறிச் சாலைக்கு வந்தார். ஓடத் தொடங்கினார்.

கோட்டு இல்லாததால் காற்று நேராக எலும்பைத் தொட்டது. காது போன இடம் தெரியவில்லை. கொட்டகையில் ஆள் இருப்பார்கள், டிராக்டர் இருக்கும். அதற்கு முன் ஏதாவது வண்டி வந்தால் இன்னும் நல்லது.

வண்டி வந்தது. சாம்பல் நிறக் கார். குபானிச் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். கார்க்காரர் மலர்ந்த முகத்தோடு பதிலுக்குக் கையாட்டி, ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

அடுத்து ஒரு லாரி. இந்த முறை சாலை நடுவில் போய் நின்றார். பனிக்கட்டியில் லாரி பிரேக் பிடித்து நிற்கிற சமாச்சாரமா? ஓட்டுநர் வெலவெலத்து வண்டியை ஒடித்து, அவருக்கு ஓர் அடி தள்ளி வழுக்கிக்கொண்டு போனார். ஜன்னல் வழியாக அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. "ஓடுறதுன்னா ஓரமா ஓடித் தொலைய வேண்டியதுதானே!"

பிறகு மாமிருடைய வேன் வந்தது. குபானிச்சுக்கு உயிர் வந்தது. "மாமிர்! நில்லுடா! மாமிர்!" என்று கத்தினார். வேன் ஜன்னலெல்லாம் உறைந்து வெள்ளையாக இருந்தது, உள்ளே பாட்டு அலறியது. ஹாரன் இரண்டு தரம் ஒலித்தது. துடைத்த வட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை ஆடியது. மாமிர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கோட்டுகூடப் போடாமல் ஓடுகிறாரே, எவ்வளவு தேறிவிட்டார் என்று அவனுக்குச் சந்தோஷம்.

குபானிச் அவனையும் அவன் வேனையும் அவன் ஹாரனையும் சேர்த்துத் திட்டினார். திட்டிக்கொண்டே ஓடினார். சிறிது தூரம் போனபிறகு, எழுத முடியாத வார்த்தைகளை இவ்வளவு நேரமாக மூச்சு முட்டாமல் சொல்லிக்கொண்டு வருகிறோம் என்பது அவருக்கே உறைத்தது. அப்படியானால் வேகம் போதாது. வாயை மூடிக்கொண்டு, இன்னும் வேகமாக ஓடினார். குட்டி அடி வைக்க மறந்து ஒரு தரம் விழுந்தார், முழங்கை சிராய்த்தது, எழுந்தார். கடைசி மேட்டில் கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருந்தன. அந்த வேறு யாரோ நல்ல ஆளாக இருக்க வேண்டும், நிற்கவே இல்லை.

கொட்டகையில் டிராக்டர்காரர்கள் இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலாள் ஊல்கான். அகலமான தோளும் ஆண்களின் பூட்ஸுமாக இருக்கும் பெரிய மனுஷி, எல்லாருக்கும் எஜே, அதாவது அக்கா.

"வா குபா! இன்னைக்காவது நம்ம டீயைக் குடிப்பியா?" என்றாள்.

"எல்தியார் கார் மேட்டு வளைவுல ஆத்துல விழுந்துடுச்சு எஜே, கால் சிக்கியிருக்கு, உயிரோட இருக்கான், கை ஒடிஞ்சிருக்கு, தண்ணி ஏறிக்கிட்டிருக்கு, கம்பிக்கயிறு வேணும், கடப்பாறை வேணும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!"

ஒரே மூச்சு. ஒரு சொல் உடையவில்லை. சொல்லி முடித்தபிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஊல்கான் கோப்பையை வைத்தாள். "எல்தியாரா? நாளைக்கு என் பேரனுக்குக் கால்நூல் வெட்டுற விழா! என் தமாதா ஆத்துக்குள்ளயா கிடக்கான்?" என்றவள் அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தாள். டிராக்டரை அவளே ஓட்டினாள். குபானிச் யாருடைய கோட்டையோ சுற்றிக்கொண்டு பின்னால் தொற்றிக்கொண்டார்.

வளைவில் என்ஜினை அணைத்ததும் கீழேயிருந்து குரல் வந்தது. மெலிந்து, நாக்கு குழறி, ஆனால் விடாமல். "...இப்போ பொண்ணு வீட்டுப் பெரியம்மா... எழுந்து வாங்க பெரியம்மா... வெக்கப்படாதீங்க..."

"யார்கூட இவன் பேசுறான்?" என்றான் ஒரு டிராக்டர்காரன்.

"சம்பந்திங்ககூட," என்றார் குபானிச். "நல்லாத்தான் நடத்துறான்."

கம்பிக்கயிற்றைப் பூட்டிக் காரை ஒரு முழம் தூக்கி நிறுத்தினார்கள். கடப்பாறையால் நெம்பிக் காலை எடுத்தார்கள். எல்தியாரை மேலே கொண்டுவந்து ஊல்கானின் ஆட்டுத்தோல் கோட்டுக்குள் சுருட்டியபோது அவன் குபானிச்சின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"கேக் வெட்டலை பைக்கே. நீங்க வர்ற வரைக்கும் தள்ளிப் போட்டேன்."

"பொண்ணு யாரு?"

"தெரியல. முகத்திரையை எடுக்கவே இல்ல."

தோளெலும்பு முறிந்திருந்தது. கால் விரல்களை டாக்டர்கள் காப்பாற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவன் குபானிச்சைக் கூப்பிட்டுச் சொன்னான். "நாளைக்கு ஊல்கான் எஜே வீட்டு விழாவை நீங்க எடுத்துக்குங்க. நான் வேற யாரையும் சொல்ல மாட்டேன். அன்னைக்குக் கார்ல போறப்ப நான் சொன்னது..."

"என்ன சொன்னே? எனக்கு ஞாபகமே இல்ல," என்றார் குபானிச். அந்தப் பதில் மட்டும் உடனே வந்தது.

மறுநாள் அவரால் வாசல் படியில் நேராக இறங்க முடியவில்லை. பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்கினார். தொடை இரண்டும் கல். "வீரரே, கை கொடுக்கட்டுமா?" என்று கேட்ட தமீரா நிஜமாகவே கை கொடுத்தாள். காலையிலிருந்து அவள் அவரை ஒரு தரம்கூடத் திட்டவில்லை. அவருக்கே அது கொஞ்சம் பயமாக இருந்தது.

ஊல்கானின் வீட்டு முற்றத்தில் பனியை மிதித்து இறுக்கி ஓடுபாதை போட்டிருந்தார்கள். நடை பழகத் தொடங்கிய பேரனைக் கம்பளத்தின் மேல் நிறுத்தி, இரண்டு கணுக்காலையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலால் கட்டியிருந்தார்கள். ஓடி வந்து முதலில் சேருகிறவர் கத்தரிக்கோலால் அந்த நூலை வெட்ட வேண்டும். வெட்டுகிறவரின் கால்வாகு பிள்ளைக்கும் வரும் என்பார்கள். அதனால் யார் ஓடுகிறார்கள் என்பதில் எல்லாருக்கும் கண். "குபா பைக்கே ஓடட்டும்!" என்று கூட்டம் கத்தியது. மாமிர்தான் பெரிதாகக் கத்தினான். முந்தின நாள் நடந்தது தெரிந்ததிலிருந்து அவன் குபானிச்சின் கண்ணில் படாமல் கூட்டத்துக்குள் நின்றிருந்தான்.

"என் காலைப் பாத்தீங்கல்ல? இந்த நடை பிள்ளைக்கு வந்துடுச்சுன்னா ஊல்கான் எஜே டிராக்டரை என் மேல ஏத்திடுவாங்க," என்றார் குபானிச் மைக்கில். "இன்னைக்குப் பெண்கள் ஓடட்டும்! எஜேக்கள், மருமகள்கள், சமையல்கட்டுல ஒளிஞ்சிருக்கறவங்க எல்லாரும் வரிசையில வந்து நில்லுங்க!"

மருமகள்கள் கூச்சத்தோடு வரிசைக்கு வந்தார்கள். வரிசைக் கடைசியில் தமீராவைப் பார்த்ததும் அவரால் ஒரு கணம் நம்பவே முடியவில்லை. அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, கனத்த பூட்ஸ் இரண்டையும் கழற்றி ஓரமாக வீசினாள். கம்பளிக் காலுறையோடு பனியில் நின்றாள்.

"என்ன பாக்குற? கையைத் தட்டு!" என்றாள் கணவனிடம்.

தட்டினார். இளம் மருமகள்கள் முதல் அடியிலேயே பூட்ஸ் வழுக்கி ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். தமீரா யாரையும் பார்க்கவில்லை. குட்டி குட்டி அடியாக, பனியில் காலுறை பஞ்சு மாதிரி பட்டுப் பட்டு எழ, தலைத்துணி பறக்க வந்தாள். நாளெல்லாம் கனத்த அண்டாக்களோடும் பிள்ளைகள் கூட்டத்தோடும் மல்லுக்கட்டும் கால்கள் அவை. "தமீரா வர்றா! என் பொண்டாட்டி வர்றா!" என்று குபானிச் தமாதா பேச வேண்டிய பேச்சையெல்லாம் மறந்து கத்தினார். பாதி தூரத்தில் துரத்திப் பிடித்த ஒரு மருமகளை அவள் இடுப்பால் லேசாக ஒதுக்கிவிட்டதைக் கூட்டம் பார்த்தது, பார்க்காத மாதிரி ஆரவாரம் செய்தது.

கத்தரிக்கோலை அவளே வாங்கினாள். "பிஸ்மில்லா," என்று நூலை வெட்டினாள். கறுப்பும் வெள்ளையும் கம்பளத்தில் விழுந்தன. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பிள்ளை தன் காலைப் பார்த்தான், தமீராவைப் பார்த்தான், பொத்தென்று உட்கார்ந்து கத்தரிக்கோலைக் கேட்டுக் கை நீட்டினான்.

ஊல்கான் தன் டிராக்டர் குரலில் பேரனைக் கூப்பிட்டாள். அவன் தமீராவின் விரலைப் பிடித்து எழுந்து, விரலை விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து பாட்டியின் பூட்ஸ் வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றான். முற்றம் முழுக்கக் கூச்சல். குபானிச் மைக்கை இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தை வருடினார், எல்லாரும் வருடினார்கள்.

தமீரா மட்டும் பனியில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"வாழ்த்தெல்லாம் அப்புறம் சொல்லுங்க! யாராவது என் பூட்ஸைக் கொண்டாங்கடி, கால் விறைக்குது!"